பூனையோடு வீட்டு வண்டிப் பயணம்: அறிகுறி பார்த்துச் சிக்கல் தீர்க்கும் வழி

நாய்க்கு ஆள் இருந்தால் போதும், பூனைக்கு இடம் வேண்டும். தூங்கவும் சமைக்கவும் வசதியுள்ள வீட்டு வண்டியில் பூனையை ஏற்றிக்கொண்டு கிளம்பியவர்கள் படும் பாட்டில் முக்கால்வாசிக்கு இதுதான் காரணம். நமக்கு அது பயணம். பூனைக்கோ, நேற்று மோப்பம் பிடித்து வைத்திருந்த எல்லை காலையில் எழுந்து பார்த்தால் காணாமல் போயிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வேறு மரம், வேறு நாய், வேறு வாடை. அதனால் ஏதாவது கோளாறு என்றால் பூனையைத் திருத்தப் போகாமல், வண்டிக்குள் எது எங்கே இருக்கிறது, எது இடம் மாறியிருக்கிறது என்று முதலில் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

எங்களிடம் இரண்டு பூனைகள். கருப்பி எதற்கும் அசராதவள். முத்து, தட்டு கீழே விழுந்தால்கூட அலமாரிக்குப் பின்னால் போய்விடுவான். கீழே எழுதியிருப்பதில் பாதி முத்துவிடம் கற்றது. மோட்டார்ஹோம், கேம்பர்வேன், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேரவன் எல்லாவற்றையும் ‘வண்டி’ என்றே சொல்கிறேன். உங்கள் பூனை என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கைவைத்தியம் வேண்டாம்

ஆண் பூனை லிட்டர் பெட்டியில் (அதன் கழிப்பறையான மண் பெட்டி) குந்துகிறது, எழுகிறது, மறுபடி குந்துகிறது, ஒரு சொட்டுக்கு மேல் வரவில்லை. இதை மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் நிறைய. சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டிருக்கலாம். மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை வீங்குவது பூனைகளில் சகஜம், பயணம் அதைத் தூண்டிவிடும். முழு அடைப்பு என்றால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். இரவானாலும் மருத்துவமனையைத் தேடிப் போங்கள்.

வாயைத் திறந்துகொண்டு நாய் மாதிரி இரைக்கிறது. நாய்க்கு இது இயல்பு, பூனைக்கு இல்லை. பயத்தில் ஓரிரு நிமிடம் இரைத்துவிட்டு அடங்கினால் பரவாயில்லை. அடங்கவில்லை என்றாலோ, வண்டி சூடாக இருந்தாலோ வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பூனையின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40ஐத் தாண்டினால் ஆபத்து. குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து, விசிறிவிட்டபடியே மருத்துவரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

தள்ளாடுகிறது, நடுங்குகிறது, குடித்தவன் போல் நடக்கிறது. வண்டிக்கு அடியில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஒழுகியிருக்கிறதா பாருங்கள். எஞ்சின் கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் ஒரு தேக்கரண்டி போனாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போட்டீர்களா என்றும் யோசியுங்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு விஷம். பாராசிட்டமாலும் அப்படித்தான், கால் மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. பூனையோடு சேர்த்து உங்களுக்கும் தலைவலி, மயக்கம் என்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாக இருக்கலாம். அப்போது காரணம் தேடிக்கொண்டு உள்ளே நிற்காமல் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

சரி, இவை எதுவும் இல்லை என்றால் கீழே தொடரலாம்.

கேரியரைப் பார்த்தாலே ஓடி ஒளிகிறது

கேரியர், அதாவது பூனையை வைத்துத் தூக்கிப்போகும் கூடை, வெளியே வரும் நாள் எல்லாம் ஊசி போடும் நாளாகவே இருந்திருந்தால் ஓடாமல் என்ன செய்யும்? கேரியரைப் பரணில் வைப்பதை நிறுத்துங்கள். மேல் மூடியைக் கழற்றிவிட்டு, அடித்தட்டை மட்டும் அது தூங்கும் இடத்தில் வையுங்கள். உள்ளே நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய சட்டை. சாப்பாட்டுக் கிண்ணம் நாளுக்கு நாள் உள்ளே நகரட்டும். தானாகப் படுக்க ஆரம்பித்த பிறகு மூடியை மாட்டுங்கள், அப்புறம் கதவு, அப்புறம் கதவைச் சாத்தி ஒரு நிமிடம். கருப்பிக்கு ஐந்து நாள் பிடித்தது. முத்துவுக்கு ஏழு வாரம்.

அதே ஒழுங்கை வண்டியிலும் பின்பற்றுங்கள். நிற்கும் வண்டியில் சாப்பாடு, எஞ்சின் ஓட நிற்கும் வண்டியில் சாப்பாடு, பத்து நிமிட ஓட்டம், அதன் பிறகுதான் நெடும்பயணம். அவசரம் என்றால் மேலே திறக்கும் கேரியர் வாங்கிக்கொள்ளுங்கள். துண்டில் சுற்றி, பின்பக்கமாக இறக்குவது எளிது.

பயணம் முழுக்க அந்தக் கேரியர் ஒரே மூலையில் இருக்கட்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்தும் ஒரே விஷயம். வெளியே எல்லாம் மாறிக்கொண்டிருக்கும்போது மாறாத ஒரு சதுர அடி அதற்கு வேண்டும்.

கிளம்பியதிலிருந்து கத்திக்கொண்டே வருகிறது

முதல் இருபது, முப்பது நிமிடம் கத்துவது கணக்கில் வராது. அதற்கு மேலும் போனால் மூன்று சோதனை செய்து பாருங்கள்.

கேரியர் மேல் மெல்லிய துணியைப் போர்த்துங்கள், காற்று போக ஒரு பக்கம் விட்டு. சத்தம் குறைந்தால் பிரச்சினை பார்வை: ஜன்னலில் ஓடும் மரமும் லாரியும்தான் மிரட்டியிருக்கின்றன. வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். நின்ற சில நிமிடத்தில் அடங்கினால் பிரச்சினை அசைவு. அடுத்த தலைப்பைப் பாருங்கள். இரண்டுக்கும் அடங்காமல், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் அடங்குகிறதா? அப்படியானால் கேரியரின் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இடம் என்றதும் பலரும் பின்பக்கப் படுக்கையில் வைக்கிறார்கள். ‘வசதியாக இருக்கட்டும்’ என்று. பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் பகுதிதான் ஒவ்வொரு மேட்டிலும் அதிகம் தூக்கிப்போடும். இரண்டு அச்சுக்கும் நடுவே, தாழ்வாக, சீட் பெல்ட் மாட்டக்கூடிய இருக்கையில் வையுங்கள். கூடவே காதை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். எங்கள் வண்டியில் முத்து மாதக்கணக்கில் கத்தியதற்குக் காரணம், அவன் தலைக்கு மேல் அலமாரியில் இரண்டு எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு அது கேட்கவே இல்லை. நடுவில் ஒரு துண்டு வைத்தேன், அன்றைக்கே பாதி அழுகை போயிற்று.

பூனை முகத்தைத் தேய்க்கும்போது விட்டுச்செல்லும் வாசனையைச் செயற்கையாகச் செய்த ஃபெலிவே போன்ற தெளிப்பான்கள் சில பூனைகளுக்கு உதவுகின்றன. அடித்தவுடன் பூனையை உள்ளே விடாதீர்கள். அதில் இருக்கும் ஆல்கஹால் ஆவியாக ஒரு கால் மணி நேரம் ஆகும். மூலிகை எண்ணெய், அதன் வாசனையைப் பரப்பும் டிஃப்யூசர் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். தேயிலை மர எண்ணெய் மாதிரியானவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு, வண்டியோ மூடிய டப்பா.

இதெல்லாம் செய்தும் தீரவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் பதற்றத்தைத் தணிக்கும் கபாபென்டின் பற்றிக் கேளுங்கள். கிளம்ப இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால் கொடுக்கும் மருந்து அது. அளவை அவர்தான் சொல்ல வேண்டும். பயண நாளில் முதன்முதலாகக் கொடுக்காமல் வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். மருந்து வேலை செய்யும்போது பூனை கொஞ்சம் தள்ளாடும். அந்த நேரத்தில் ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள மாடிப் படுக்கைக்கு ஏறவிடாதீர்கள், விழுந்துவிடும்.

எச்சில் ஒழுகுகிறது, வாந்தி எடுக்கிறது

வாந்திக்கு வெகுநேரம் முன்பே பூனை சொல்லிவிடும். நாக்கு உதட்டை நக்கும். விழுங்கிக்கொண்டே இருக்கும். தாடைக்கு அடியில் விரல் வைத்தால் முடி ஈரமாக, இரண்டு மூன்று முனையாகத் திரிந்து நிற்கும். இந்த இடத்தில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் வாந்தி வராது.

கிளம்பும் முன் நாலைந்து மணி நேரம் உணவு வேண்டாம், தண்ணீர் இருக்கலாம். கேரியருக்குள் உறிஞ்சும் துணியை இரண்டு அடுக்காகப் போடுங்கள். மேலடுக்கு நனைந்தால் உருவிவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம். ஒவ்வொரு முறையும் வாந்தி என்றால் மாரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது, மருத்துவர் எழுதித் தருவார். மனிதர்களின் பயண வாந்தி மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்கும் வேலை வேண்டாம்.

ஓடும் வண்டியில் காலடிக்கு வருகிறது

வராமல் செய்யும் வழி ஒன்றுதான்: வண்டி நகரும்போது பூனை கேரியரில், கேரியர் பெல்ட்டில். ‘எங்கள் பூனை சமத்தாக டேஷ்போர்டில் உட்கார்ந்து வரும்’ என்று பெருமைப்படுபவர்களோடு நான் வாதாடுவதில்லை, கணக்கு மட்டும் சொல்வேன். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 5 கிலோ பூனை சுமார் 70 கிலோ மூட்டை வந்து இடிக்கும் விசையோடு முன்னால் பாயும். பிரேக் மிதிக்கு அடியில் அது புகுந்துகொண்டால் கணக்குப் போடவும் நேரம் இருக்காது.

இழுத்துப்போகும் கேரவனுக்குள் பூனையை விட்டுவிட்டு முன்னால் காரில் போவதும் கூடாது. சூடு ஏறினாலும் அலமாரி சரிந்தாலும் உங்களுக்குத் தெரியாது. காரிலேயே வையுங்கள்.

பூனையைக் காணோம், ஆனால் கதவு திறக்கவே இல்லை

எங்களுக்கு இது முதல் பயணத்தின் இரண்டாம் இரவு நடந்தது. இருக்கும் இடமே இருபது சதுர மீட்டருக்குள். மூன்று மணி நேரம் தேடினோம். படுக்கைக்கு அடியில், குளியலறையில், காலணிப் பெட்டியில், ஃபிரிட்ஜுக்குள்கூட. கடைசியில் விளக்கை எல்லாம் அணைத்து, பேசாமல், தரையில் காதை வைத்துப் படுத்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, இழுப்பறைக்கும் பின்சுவருக்கும் நடுவே, மிக மெல்லிய ஒரு தும்மல். இழுப்பறையைக் கழற்றிப் பார்த்தால், தண்ணீர்க் குழாய் போவதற்காக வண்டி கட்டியவர்கள் வெட்டிய ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் தூசியும் ஒயரும் நடுவே இரண்டு பச்சைக் கண்கள். அந்த ஓட்டை என் உள்ளங்கை அகலம்கூட இல்லை.

தலை நுழைந்தால் உடம்பும் நுழையும் என்பது பூனையின் கணக்கு. நான் வைத்திருக்கும் அளவு அதைவிடக் கறார்: என் மூன்று விரல் நுழையும் இடைவெளி எதுவானாலும் அடைத்துவிடுவது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பூனை உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை வண்டியைச் சுற்றிவாருங்கள். தொட்டிக்கு அடியில், ஹீட்டர் குழாய்களைச் சுற்றி, ஓட்டுநர் இருக்கையின் அடிப்பெட்டி, டேஷ்போர்டின் கீழ்ப்பக்கம், படிக்கட்டுக் குழியின் ஓரம், இழுப்பறைகளின் பின்புறம். மெல்லிய பிளைவுட், கம்பிவலை, நீச்சல்குளத்தில் மிதக்கவிடும் நுரைக் குழாய் மூன்றும் போதும். காற்று போக வேண்டிய இடத்தில் பலகை அடிக்காதீர்கள், வலை போடுங்கள். கேஸ் கசிந்தால் வெளியேற விட்டிருக்கும் தரை ஓட்டைகளை அடைக்கவே கூடாது, அங்கும் வலைதான்.

வண்டிச் சுவர் வெளியே நீளும் ஸ்லைடு வகை என்றால் இதைப் பெரிய எழுத்தில் சுவிட்ச் பக்கத்தில் ஒட்டுங்கள்: எத்தனை பூனை எண்ணினாய்? ஸ்லைடு நகரும் பாதையில் ஒளிவது பூனைக்குப் பிடித்த விளையாட்டு. மோட்டாருக்கு அது தெரியாது. எல்லாப் பூனையும் கேரியரில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பொத்தான். ‘படுக்கையில்தான் இருந்தது’ என்ற பதிலை நான் ஏற்பதில்லை. மடக்கிப் படுக்கையாக்கும் சோபாவுக்கும் இதே விதி.

ஒளிந்திருக்கும் பூனையைக் காலைப் பிடித்து இழுக்காதீர்கள். அதன் கண்ணில் அந்தப் பொந்துதான் வண்டியிலேயே பாதுகாப்பான இடம். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துப் படுங்கள். கிளம்பியே ஆக வேண்டும் என்றால் மட்டும் பலகையைக் கழற்றுங்கள்.

கதவு வழியாக வெளியே ஓடிவிட்டது

வண்டியை நகர்த்தாதீர்கள். இன்றே கிளம்ப வேண்டிய திட்டம் இருந்தாலும் சரி. அந்தப் புது இடத்தில் பூனைக்குத் தெரிந்த ஒரே வாசனை உங்கள் வண்டிதான்.

பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை புது இடத்தில் ஓடாது, பதுங்கும். கூப்பிட்டால் பதிலும் கொடுக்காது. காணாமல்போன 1,210 பூனைகளைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வில், கிடைத்தவற்றில் முக்கால்வாசி தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன. ஆகவே வட்டம் சின்னதாகத் தொடங்கட்டும். முதலில் உங்கள் வண்டியின் அடியில்: சக்கரத்தின் மேல்புறம், ஸ்டெப்னி மாட்டியிருக்கும் தட்டு, அழுக்குத் தண்ணீர் டேங்கின் மேல் இடுக்கு. அப்புறம் பக்கத்து வண்டிகளின் அடியில். எஞ்சினைக் கிளப்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லி அக்கம்பக்கத்தாரிடம் உடனே சொல்லிவிடுங்கள். அப்புறம் புதர்கள், மரக்குவியல்கள்.

பகலில் கிடைக்கவில்லை என்றால் இரவு இரண்டு, மூன்று மணிதான் நல்ல நேரம். ஆள் நடமாட்டம் நின்ற பிறகு, டார்ச்சை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துத் தரைமட்டத்தில் வீசுங்கள். பூனையின் கண் பளிச்சென்று திருப்பி அடிக்கும். கண்டதும் நிற்காதீர்கள், உட்காருங்கள். பக்கவாட்டில் திரும்பி, டப்பாவைத் திறக்கும் சத்தம், அவ்வளவுதான். வண்டிக் கதவு திறந்தே இருக்கட்டும், படியில் துவைக்காத துணி, உள்ளே கேரியர். மற்றப் பூனை உள்ளே கேரியரில் பூட்டியிருக்கட்டும், இல்லையென்றால் இரண்டையும் தேட வேண்டி வரும்.

இனி ஓடாமல் இருக்க: கதவுக்கு உள்பக்கம் இன்னொரு தடுப்பு வேண்டும், குழந்தைகளுக்குப் போடும் கேட்டோ ஜிப் வைத்த வலையோ. ஏறும்போது முழங்காலை முதலில் நுழைப்பது பூனை வளர்க்கும் எவருக்கும் தானாகவே பழகிவிடும். வெளியே கூட்டிப்போக ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் வார்) போடுவதாக இருந்தால், பயந்த பூனை பின்னோக்கி நடந்தே அதைக் கழற்றிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். வீட்டுக்குள் ஹார்னஸைப் போட்டு, பட்டையை முன்னாலிருந்து மெல்ல இழுத்துச் சோதியுங்கள். உடம்பை முழுக்கச் சுற்றும் ஜாக்கெட் வகை கொஞ்சம் மேல்.

லிட்டர் பெட்டியை விட்டுப் படுக்கையில் போகிறது

கோபத்தில் பழிவாங்குகிறது என்று நினைக்க வேண்டாம். பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது, மோப்பம் பிடிக்கத்தான் தெரியும். திரும்பத் திரும்பக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ சிறுநீர்ப்பைச் சிக்கல், மருத்துவரிடம் போங்கள். உடம்பு நன்றாக இருந்தால் பெட்டியின் இடம்தான்.

வண்டியில் பெட்டிக்கு இடம் கிடைக்காமல் பெரும்பாலோர் ஷவர் தட்டில் வைக்கிறார்கள். கழுவ எளிது, நல்ல யோசனைதான். ஆனால் நீங்கள் குளிக்கும்போது பெட்டி வெளியே வரும், குளித்ததும் ஈரத்தின் மேல் மறுபடி உள்ளே போகும். ஒரு நாள் கதவு சாத்தியிருக்கும். பூனை வந்து பார்க்கும், கழிப்பறை பூட்டியிருக்கிறது. மெத்தை அருகிலேயே இருக்கிறது, மெத்தென்று இருக்கிறது, உங்கள் வாசனையும் அடிக்கிறது. வேறென்ன செய்யும்?

இன்னொரு காரணம் தண்ணீர் பம்ப். குழாயைத் திறந்தால் ‘டர்ர்’ என்று உறுமும் அந்தப் பெட்டி பல வண்டிகளில் இருக்கைக்கு அடியில் இருக்கும். லிட்டர் பெட்டிக்குச் சுவர் ஓரம் பம்ப் இருந்தால், பூனை குந்தியிருக்கும்போது ஒரே ஒருமுறை அது உறுமினால் போதும், அந்த இடத்துக்கு இனி வராது. ஹீட்டர் ஊதும் துவாரமும் அப்படியே.

நாங்கள் கடைசியில் செய்தது: சாப்பாட்டு மேஜை இருக்கையின் அடிப்பெட்டியைக் காலி செய்து, பக்கவாட்டில் வட்டமாக ஒரு வாசல் வெட்டி, பெட்டியை அதற்குள் நிரந்தரமாக வைத்துவிட்டோம். மேல் பலகையைத் தூக்கினால் அள்ளலாம். பெட்டியின் நீளம் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையிலான பூனை நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருப்பது நல்லது. மண் 5 செ.மீ. ஆழத்துக்குக் குறைய வேண்டாம். வீட்டில் பழகிய அதே மண், அதே நிறுவனம். பயணத்துக்காகப் புது வகை வாங்கிச் சோதிக்காதீர்கள். ‘பூனைக்கு ஒன்று, கூட ஒன்று’ என்ற வீட்டுக் கணக்கு வண்டியில் நடக்காது. பதிலுக்கு நாளைக்கு இரண்டு முறை அள்ளிவிடுங்கள்.

நனைந்த மெத்தைக்கு என்சைம் கலந்த கிளீனர். அம்மோனியா உள்ள திரவம் வேண்டாம், பூனை மூக்குக்கு அது இன்னொரு சிறுநீர். அள்ளிய மண்ணை வண்டிக் கழிப்பறையில் போட்டுவிடாதீர்கள். கட்டியாகும் மண் டேங்குக்குள் போனால் அங்கேயும் தன் வேலையைச் சரியாகச் செய்யும்.

சாப்பிடவில்லை, தண்ணீரும் தொடவில்லை

ஓடும் நாளில் பகல் முழுக்கச் சாப்பிடாமல், சிறுநீரும் போகாமல் இருந்துவிட்டு, நிறுத்திய பிறகு இரவில் எல்லாம் செய்வது நல்ல உடம்புள்ள பூனைகளுக்குச் சாதாரணம். ஒரு முழு நாள் தாண்டினால்தான் கவலை. இரண்டு, மூன்று நாள் பட்டினி கிடந்தால், குறிப்பாகக் குண்டுப் பூனைகளுக்கு, கல்லீரலில் கொழுப்பு ஏறி நோயாகிவிடும். ‘பசித்தால் தானே சாப்பிடும்’ என்பது பூனையிடம் செல்லாது.

ஈர உணவைக் கைச்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்குங்கள், வாசனை எழும். கிண்ணத்தை நடைபாதையில் வைக்காமல் அதன் மூலையில் வையுங்கள். ஒவ்வொரு ஊர்த் தண்ணீருக்கும் ஒவ்வொரு வாடை. வீட்டிலிருந்து இரண்டு கேன் கொண்டுபோய்ப் புதுத் தண்ணீரோடு பாதிப் பாதி கலந்து பழக்கினால் குடித்துவிடும்.

ஏசி நின்றுபோய் வண்டி கொதிக்கிறது

மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியதாக 2005இல் வெளியான அளவீடு ஒன்று சொல்கிறது. அதிலும் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள். ஜன்னலை இடுக்கு விட்டுத் திறந்துவைத்ததால் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டு வண்டி காரைவிடப் பெரிது, மெதுவாகச் சூடேறும். ஆனாலும் ஏறும் திசை அதேதான்.

முகாமில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் உங்கள் ஏசி தானாக மறுபடி ஓடுமா? பலருக்கு இது தெரியாது. இப்போதே சோதியுங்கள். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மெயின் பிரேக்கரை இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து ஏற்றுங்கள். தானாகக் குளிர்விக்க ஆரம்பித்தால் நல்லது. திரை மட்டும் மின்னிக்கொண்டு சும்மா நின்றால், அந்த ஏசியை நம்பிப் பூனையை விட்டுப் போக முடியாது.

வெப்பத்தைக் கண்காணித்து போனுக்குச் செய்தி அனுப்பும் கருவி வாங்கினால் சிம் உள்ளதாகவும் பேட்டரியில் ஓடுவதாகவும் பாருங்கள். வைஃபையை நம்புவது உதவாது. மின்சாரம் போகும்போது ரௌட்டரும் சேர்ந்து போய்விடும். கருவியை மேஜை மேல் வைக்காமல் பூனை படுக்கும் இடத்தில் வையுங்கள். சூடு மேலே ஏறும். ஓட்டுநர் தலைக்கு மேல் உள்ள படுக்கையில், பூனைக்கு மிகவும் பிடித்த அந்த இடத்தில், தரையைவிடப் பல டிகிரி கூடுதல் இருப்பதை நீங்களே அளந்து பார்க்கலாம்.

கேஸ் கண்டறியும் கருவி தரையை ஒட்டி இருக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். பல நேரம் பூனை தூங்குவதும் அங்கேதான்.

விடியற்காலை நாலு மணிக்கு முகத்தின் மேல் ஓடுகிறது

பகலெல்லாம் கேரியரில் தூங்கிய பூனை, பொழுது புலரும் வேளை வேட்டைக்கு எழுகிறது. நிறுத்திய இடத்தில், விளக்கணைக்கும் முன் கால் மணி நேரம் இறகுக் குச்சியை வைத்து மூச்சு வாங்க ஓடவிடுங்கள். அதன் பிறகு சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது அதன் ஒழுங்கு. நாலு மணிக்கு எழுந்து சோறு வைத்தீர்கள் என்றால் நாளைக்கு மூன்றரைக்கு எழுப்பும்.

ஒன்றாக வளர்ந்த இரண்டும் திடீரென்று சண்டை

ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். ஊர்ப் பூனை ஒன்று உங்கள் படியில் உட்கார்ந்திருக்கும். அதை அடிக்க முடியாத கோபம் பக்கத்தில் இருப்பவன் மேல் திரும்பும். கையை நடுவில் விடாதீர்கள், கடி ஆழமாக இறங்கும். தலையணையையோ அட்டையையோ நடுவில் நுழைத்துப் பிரித்து, தனித்தனி அறையில், அறை இல்லை என்றால் துணி போர்த்திய கேரியர்களில் சில மணி நேரம் விடுங்கள். சிலவற்றுக்கு ஒரு நாள்கூட ஆகும். கீழ்ப்பாதி ஜன்னலுக்குத் திரை போட்டால் மறுபடி வராது. மருத்துவரிடம் ஒன்று மட்டும் போய் வந்தாலும் இதே கதைதான், அந்த மருந்து வாடையில் மற்றது அதை அடையாளம் கண்டுகொள்ளாது. இரண்டையும் ஒரே துண்டால் மாற்றி மாற்றித் துடைத்துவிடுங்கள்.

ஸ்கேன் செய்தால் சிப் எண் வரவில்லை

பூனையின் தோலுக்கு அடியில் பொருத்திய அடையாளச் சிப் தோளுக்கோ முன்காலுக்கோ நகர்ந்திருக்கலாம், உடம்பு முழுக்க மெதுவாகத் தேடச் சொல்லுங்கள். அப்படியும் இல்லை என்றால் அது பழைய வகைச் சிப்பாக இருக்கலாம். ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரச் சிப் 134.2 கிலோஹெர்ட்ஸில் 15 இலக்க எண் தரும். 125இல் வேலை செய்யும் பழையவற்றை எல்லா ஸ்கேனரும் படிக்காது. எல்லை தாண்டுவதாக இருந்தால் இது முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய, சிப் பொருத்திய பிறகு போட்ட வெறிநோய்த் தடுப்பூசிதான் கணக்கு, முதல் ஊசி என்றால் 21 நாள் காத்திருக்க வேண்டும். வரிசை மாறினால் ஊசியை மறுபடி போட வேண்டிவரும்.

சிப், இருக்கும் இடத்தைக் காட்டாது. அதில் இருப்பது எண் மட்டும். அந்த எண்ணோடு பதிவேட்டில் உங்கள் பழைய கைபேசி எண் இருந்தால் கண்டெடுத்தவர் யாரைக் கூப்பிடுவார்? கிளம்பும் முந்தின நாள் அந்தப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். கழுத்தில் மாட்டும் ஜி.பி.எஸ். வேறு. அதற்குக் கைபேசி சிக்னல் வேண்டும், நடுக்காட்டில் அது வெறும் கழுத்துப்பட்டைதான். பட்டை கிளையில் மாட்டினால் தானாக விடுபடும் வகையாக இருக்கட்டும்.

வீடு திரும்பியும் கேரியரை விட்டு வெளியே வரவில்லை

கதவைத் திறந்து, வண்டியில் இருந்த அதே துணியோடு ஓர் அறையில் வைத்துவிட்டு உங்கள் மூட்டைகளை இறக்கப் போங்கள். இரவுக்குள் வந்துவிடும். துணியைத் துவைப்பதை மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.